சிறு வேடமும் பெரு நடிப்பும்



நாடகம் ஒன்றைக் கண்டுவிட்டு வீடு திரும்புகிறவர்களை வழியில் நிறுத்தி, "யார் நடித்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். தலைவனாக நடித்தவர் பெயரை உடனே சொல்வார்கள். தலைவியாக நடித்தவர் பெயரையும் சொல்வார்கள். அதன்பின் சற்றே தயங்கி, "அந்தக் கிழவனாக ஒருவர் வந்தாரே, அவர் பெயர் தெரியவில்லை, ஆனால் அவர் வந்தபோதெல்லாம் கண்ணை எடுக்க முடியவில்லை" என்பார்கள். பெயர் தெரியாது, முகமும் குரலும் மட்டும் நெஞ்சில் நின்றுவிட்டன. அத்தகைய நடிகரைத் தமிழில் குணச்சித்திர நடிகர் என்கிறோம். மிக அழகான சொல் அது. ஒரு மனிதனின் குணத்தையே சித்திரமாகத் தீட்டிக் காட்டுபவர் என்பது அதன் பொருள்.

அத்தகைய நடிகர் ஒருவரின் வாழ்வை இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். அவர் அயர்லாந்து நாட்டைச் சேர்ந்தவர்; டேவிட் கெல்லி என்பது அவர் பெயர். மேடையிலும் தொலைக்காட்சியிலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடித்தவர். அவருடைய வாழ்வைப் பற்றிப் படித்தபோது, முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு பிழை என் கண்முன் வந்து நின்றது. அதையும் இப்பேச்சின் முடிவில் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டேவிட் கெல்லி 1929ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11ஆம் நாள் டப்ளின் நகரில் பிறந்தார். அந்நகரத்துச் சிங் தெருவில் கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்திய பள்ளியில் பயின்றார். எட்டு வயதிலேயே கேயிட்டி என்னும் நாடக அரங்கில் மேடையேறினார். பின்னர் ஆபி அரங்கின் நடிப்புப் பள்ளியில் முறையாகப் பயிற்சி பெற்றார். நடிப்பால் வயிறு நிறையுமா என்ற ஐயம் எந்த நாட்டிலும் உண்டு. ஆகவே அவர் கைத்தொழிலாகப் பொறியியல் வரைபடம் வரையவும் அழகெழுத்து எழுதவும் கற்றுக்கொண்டார். நீர்வண்ண ஓவியமும் பயின்றார். தூரிகை பிடித்த கை வீண்போகவில்லை. ஓவியன் முதலில் கற்பது உற்றுப் பார்த்தலே. ஒரு கிழவனின் தோள் எப்படிச் சரிந்திருக்கிறது, ஏழையின் கால் எப்படித் தரையில் இழுபடுகிறது என்று பார்க்கத் தெரிந்த கண், நடிகனுக்கும் வேண்டியதன்றோ?

ஈண்டு ஆபி அரங்கைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கெல்லி வந்த மரபு எது என்று தெரிந்தால்தான் அவருடைய கலை விளங்கும்.

அயர்லாந்து நெடுங்காலம் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடு. ஆங்கில நாடக மேடையில் அயர்லாந்துக்காரன் என்றாலே ஒரு குறிப்பிட்ட உருவம் இருந்தது. அவன் குடிப்பவன், சோம்பேறி, பேச்சில் வல்லவன், செயலில் மூடன், சிரிக்கவைப்பதற்கென்றே பிறந்தவன். நூற்றாண்டுகளாக இந்த உருவத்தைப் பார்த்துப் பார்த்து ஆங்கிலேயர் சிரித்தனர். 'மேடை அயர்லாந்துக்காரன்' என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. கவிஞர் யேட்ஸும், கிரிகரி சீமாட்டியும், அவர்தம் நண்பர்களும் இதனைப் பொறாமல் 1897ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை எழுதினர். தம் நாடு கோமாளித்தனத்தின் இருப்பிடம் அன்று என்றும், பழமையான உயர்ந்த எண்ணங்களின் இருப்பிடம் என்றும் உலகுக்குக் காட்டத் தமக்கென ஒரு நாடக அரங்கு வேண்டும் என்பது அதன் கருத்து. அந்த முயற்சியே வளர்ந்து 1904ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள் ஆபி அரங்கமாகத் திறக்கப்பட்டது.

அவ்வரங்கின் தொடக்க கால நடிகர்கள் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். எழுத்தர்களும் கடைப் பணியாளர்களும் மாலையில் கூடி ஒத்திகை பார்த்தனர். அவர்களைப் பழக்கியவர்கள் ஃபே சகோதரர்கள் இருவர். ஒருவர் மின்தொழிலாளி, மற்றவர் எழுத்தர். அவர்கள் கற்பித்த பாடங்களுள் ஒன்றை நீங்கள் கருத்தில் கொள்ளவேண்டும். மேடையில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் அசையாமல் நிற்கவேண்டும் என்பதே அது. பேசாதவன் கையைக் காலை ஆட்டி மக்களின் கண்ணைத் தன்பால் இழுக்கக்கூடாது. அவனும் நடிக்கிறான், கேட்பதுதான் அவன் நடிப்பு. இந்த அமைதியைக் கண்ட அயல்நாட்டார் வியந்தனர். அயர்லாந்தின் குணச்சித்திர நடிகர்கள் இந்த மரபில் பழகியவர்கள். தமக்கு வசனம் இல்லாத நேரத்திலும் அவர்கள் மேடையில் முழுமையாக வாழ்வார்கள்.

கெல்லியின் இளமைக்கால மேடை வாழ்வில் இரண்டு நாடகங்கள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, பிரெண்டன் பீஹன் எழுதிய 'தி குவேர் ஃபெல்லோ'. 1954ஆம் ஆண்டு டப்ளினில் பைக் என்னும் சின்னஞ்சிறு அரங்கில் அது முதன்முதலாக மேடையேறியது. அதில் நடித்தவர்களுள் கெல்லியும் ஒருவர். ஒரு சிறைச்சாலை, மறுநாட் காலையில் ஒருவனைத் தூக்கிலிடப் போகிறார்கள். அவனைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். அவனுக்கு வரப்போகும் உணவு பற்றியும், வெட்டவேண்டிய குழி பற்றியும் பேசுகிறார்கள். ஆனால் அவன் ஒருமுறையேனும் மேடைக்கு வருவதில்லை! கைதிகளும் காவலர்களுமாகிய சிறுசிறு பாத்திரங்களே நாடகம் முழுவதையும் தாங்குகின்றன. நாடகத்தின் நடுநாயகமாக உள்ளவன் கண்ணில் படாமலே இருக்க, சுற்றி நிற்பவர்களைக் கொண்டே அவனுடைய சாவின் கொடுமையை நாம் உணர்கிறோம். சிறு வேடத்தின் ஆற்றலுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இரண்டாவது, சாமுவேல் பெக்கெட் எழுதிய 'கிராப்பின் கடைசி நாடா'. அது 1958ஆம் ஆண்டில் இலண்டனில் முதன்முதலாக நடிக்கப்பட்டது. அது பிறந்த வரலாறு வானொலி கேட்கும் உங்களுக்கு இனிக்கும். பாட்ரிக் மகீ என்னும் அயர்லாந்து நடிகர் வானொலியில் பெக்கெட்டின் எழுத்தைப் படித்தார். அந்தக் கரகரத்த குரலைக் கேட்ட பெக்கெட், அக்குரலுக்கென்றே ஒரு நாடகம் எழுதினார். அதில் ஒரே ஒரு மனிதன். அவனுக்கு அறுபத்தொன்பது வயது. பிறந்தநாள்தோறும் தன் குரலை ஒலிப்பதிவு செய்து வைப்பது அவன் வழக்கம். இப்போது தனியறையில் அமர்ந்து, முப்பத்தொன்பது வயதில் தான் பதிந்து வைத்த குரலைக் கேட்கிறான். அந்த நாளைய தன்னம்பிக்கையும், கைவிட்ட காதலும் ஒலிநாடாவிலிருந்து அவனை நோக்கிப் பேசுகின்றன. மேடையில் பேசுவதைவிடக் கேட்பதே அவனுக்கு மிகுதி.

அந்நாடகம் வெளிவந்த சிறிது காலத்திற்குள் டப்ளின் டிரினிட்டிக் கல்லூரி மாணவர்களின் நாடக அரங்கில் கெல்லி அக்கிழவனாக நடித்தார். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டியிருக்கும். நல்ல நடிகர் என்று டப்ளின் நகரம் அவரை அறிந்துகொண்டது இதனால்தான். பின்னர் 1990களில், டப்ளின் கேட் அரங்கத்தார் நடத்திய பெக்கெட் விழாக்களில் அதே வேடத்தை அவர் மீண்டும் ஏற்றார். இளைஞனாக இருந்தபோது முதுமையைக் கற்பனை செய்து நடித்தவர், பிறகு உண்மையிலேயே முதியவராகி அதே நாற்காலியில் வந்தமர்ந்தார். இப்பேச்சைப் பதிவு செய்தபின், நிலையத்தார் என் குரலை எனக்கே போட்டுக் காட்டினார்கள். வகுப்பறையில் முழங்கிய குரல் இதுதானா என்று எனக்கு ஐயம் உண்டாயிற்று. கிராப்பின் நிலை எனக்கு அப்போது நன்றாக விளங்கியது.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். அயர்லாந்தின் தேசியத் தொலைக்காட்சி 1961ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவில் தொடங்கியது. அண்டை நாடான இங்கிலாந்தில் அதற்கு முன்பே தொலைக்காட்சி வேரூன்றியிருந்தது. டப்ளின் நடிகர்களுக்குப் பிழைப்புக்கான புதிய வாயில் திறந்தது.

மேடை நடிப்புக்கும் தொலைக்காட்சி நடிப்புக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். மேடையில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கவேண்டும். ஆகவே குரலையும் சைகையையும் சற்றே பெருக்கவேண்டும். ஒளிப்படக் கருவியோ முகத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. புருவம் ஒரு நூலளவு உயர்ந்தாலும் அது பெரிதாகத் தெரியும். மேடையில் சரியாக இருந்த சைகை அங்கே மிகையாகிவிடும். நகைச்சுவைத் தொடர்களிலோ இன்னொரு சிக்கல் உண்டு. இங்கிலாந்தில் அவற்றைப் பெரும்பாலும் நிலையத்திற்குள் மக்களை அமரவைத்து, அவர்கள் முன்னிலையிலேயே பதிவு செய்தனர். சில நாட்கள் ஒத்திகை. பிறகு ஒரே மாலையில் பதிவு. எதிரில் இருப்பவர்கள் சிரித்து முடியும்வரை காத்திருக்கவும் வேண்டும். கருவிக்காக அடக்கியும் நடிக்கவேண்டும். இரு குதிரைகளில் ஒரே நேரத்தில் சவாரி செய்வது போன்றது அது. மேடையில் நன்கு பழகிய கெல்லி போன்றோர்க்கே அது எளிதாயிற்று.

1975ஆம் ஆண்டு பி.பி.சி. நிறுவனம் 'ஃபால்ட்டி டவர்ஸ்' என்னும் தொடரை ஒளிபரப்பியது. இரண்டு பருவங்களிலும் சேர்த்துப் பன்னிரண்டே பகுதிகள் உடையது. ஆயினும் ஆங்கில நகைச்சுவைத் தொடர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுவது. பேசில் என்பவன் ஒரு விடுதியின் உரிமையாளன், சிடுமூஞ்சி, கஞ்சன். ஜான் கிளீஸ் என்பவர் அந்த வேடத்தில் நடித்தார். இரண்டாம் பகுதியில் விடுதியின் கதவுகளை மாற்றியமைக்கும் வேலை வருகிறது. நல்ல கட்டடக்காரரை அழைக்கும்படி மனைவி சொல்கிறாள். கணவனோ அவளுக்குத் தெரியாமல், கூலி குறைவாக வாங்கும் ஓரைலி என்னும் அயர்லாந்துக்காரனை ஏற்பாடு செய்கிறான். ஓரைலியின் ஆட்கள் உணவுக்கூடத்தின் வாயிலையே சுவர் வைத்து அடைத்துவிடுகிறார்கள்! உண்மை வெளிப்பட்டபோது மனைவி சிபில் குடையை எடுத்து ஓரைலியை அடித்து நொறுக்குகிறாள். அந்த ஓரைலிதான் டேவிட் கெல்லி.

அப்பகுதியில் கெல்லி தோன்றும் நேரம் ஏறத்தாழ ஒன்பது நிமிடங்கள். அந்த ஒன்பது நிமிடங்கள் அவரை உலகறியச் செய்தன. ஐம்பது ஆண்டுகள் நடித்தவரைப் பிறநாட்டார் பலர் அந்த ஒன்பது நிமிடத்தால்தான் அறிவார்கள். என் பெயரன் கணிப்பொறியில் எனக்கு அதைப் போட்டுக் காட்டினான். வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு இன்னொரு முறை, ஆசிரியனுக்குரிய கண்ணோடு பார்த்தேன். பேசில் கூச்சலிட்டுக் குதிக்கும்போதெல்லாம் ஓரைலி பதறாமல், எல்லாம் சரியாகிவிடும் என்ற முகத்தோடு நிற்கிறான். அவனுடைய அமைதிதான் மற்றவனின் ஆத்திரத்தை நமக்கு நகைப்பாக்குகிறது. பேசாதபோது அசையாதே என்று ஃபே சகோதரர்கள் கற்பித்த பாடம், எழுபது ஆண்டுகள் கழித்து ஒரு நகைச்சுவைத் தொடரில் பயன்பட்டதை அங்கே கண்டேன்.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. அதை மழுப்பாமல் எதிர்கொள்வோம். சோம்பலும் திறமையின்மையும் உள்ள அயர்லாந்துக் கட்டடக்காரன் என்பது, ஆபி அரங்கம் எதை ஒழிக்கப் பிறந்ததோ அந்தப் பழைய உருவமே அன்றோ? அது எந்தக் காலம் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1974ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து மதுக்கடைகளில் குண்டுகள் வெடித்து 21 பேர் மாண்டனர். அயர்லாந்துப் போராளிகளே அதற்குக் காரணம் எனப்பட்டது. அதனால் இங்கிலாந்தில் உழைத்துப் பிழைத்த எளிய அயர்லாந்து மக்கள்மீது ஐயமும் வெறுப்பும் மூண்டன. அயர்லாந்துக்காரனை முட்டாளாக்கும் துணுக்குகள் எங்கும் வழங்கின. அவ்வேளையில் ஆபி அரங்கின் பள்ளியில் பயின்ற ஒருவர் இந்த வேடத்தை ஏற்கலாமா? 1977 முதல் 1981 வரை ஒளிபரப்பான 'ராபின்ஸ் நெஸ்ட்' என்னும் தொடரிலும் அவருக்குக் கிடைத்தது, உணவகத்தில் பாத்திரம் கழுவும் ஒற்றைக்கை அயர்லாந்துக்காரன் வேடமே. தட்டுகள் உடைவதுதான் அங்கே வேடிக்கை.

இத்தகைய வேடங்கள் அயர்லாந்து மக்களுக்கு இழிவு என்று கருதுவோர் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு மக்கட் கூட்டத்தைத் திரும்பத் திரும்ப ஒரே கோலத்தில் காட்டினால், காண்பவர் அதையே உண்மையென நம்பிவிடுவர். மற்றொரு பக்கமும் உண்டு. 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரில் உண்மையில் நகைக்கப்படுபவன் யார்? சில காசுகளை மிச்சம் பிடிக்க எண்ணித் தன் வீட்டு வாயிலையே அடைத்துக்கொண்ட ஆங்கிலேயன்தான். குணச்சித்திர நடிகருக்கு வேடம் தேர்ந்தெடுக்கும் உரிமை குறைவு என்பதும் உண்மையே. தலைவனாக நடிப்பவன் வேண்டாம் என்று சொல்லலாம். மற்றவனுக்கு அடுத்த மாத வாடகை இருக்கிறது. ஆயினும் இவ்விரு பக்கத்து வாதங்களைக் காட்டிலும் வலிய விடையை 1980ஆம் ஆண்டில் கெல்லியே தம் நடிப்பால் தந்தார் என்பது என் எண்ணம்.

அவ்வாண்டில் அயர்லாந்துத் தொலைக்காட்சி 'ஸ்ட்ரம்பட் சிட்டி' என்னும் தொடரை ஏழு பகுதிகளாக ஒளிபரப்பியது. ஜேம்ஸ் பிளங்கெட் 1969ஆம் ஆண்டில் எழுதிய பெருநாவலை ஹியூ லெனர்ட் நாடகமாக்கினார். 1907 முதல் 1914 வரை டப்ளின் ஏழைகள் பட்ட பாடே கதை. அதன் நடுவில் 1913ஆம் ஆண்டின் பெரும் கதவடைப்பு நிற்கிறது. ஜேம்ஸ் லார்க்கின் தலைமையிலிருந்த தொழிற்சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு வேலையில்லை என்று முதலாளிகள் கூடித் தீர்மானித்தனர். ஏறத்தாழ 20,000 தொழிலாளர்கள் வேலையிழந்து, பல மாதங்கள் குடும்பத்தோடு பட்டினி கிடந்தனர். 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் தோற்றுப் பணிந்தனர். அந்நாளில் டப்ளின் ஏழைகள் இடிந்து விழும் நிலையிலிருந்த பழைய மாளிகைகளில் அறைக்கொரு குடும்பமாக வாழ்ந்தார்கள். 1913 செப்டம்பரில் சர்ச் தெருவில் அத்தகைய வீடுகள் இடிந்து விழுந்து 7 பேர் இறந்தனர்.

இத்தொடரில் லார்க்கினாக நடித்தவர் உலகப் புகழ் பெற்ற பீட்டர் ஓடூல். சிரில் குசாக், டானல் மக்கான் முதலிய பெரிய நடிகர்களும் அதில் இருந்தார்கள். அவ்வளவு பேருக்கும் நடுவில் மக்களின் உள்ளத்தில் நிலைத்து நின்ற பாத்திரம் ராஷர்ஸ் டியர்னி. அவன் கந்தை உடுத்தவன், நிலவறையில் வாழ்பவன், தகரக்குழல் ஊதிச் சில காசு தேடுபவன். அவனுக்கு ஒரு நாய்தான் உறவு. அந்த வேடம் டேவிட் கெல்லிக்கு வாய்த்தது.

சற்றே எண்ணிப் பாருங்கள். இவனும் ஏழை அயர்லாந்துக்காரன், இவனும் வாயாடி, இவனைக் கண்டும் சிரிப்பு வருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஓரைலியின் உடன்பிறப்புப் போலவே இருக்கிறான். ஆனால் பகுதிக்குப் பகுதி அவனுடைய வாழ்வை நாம் உடனிருந்து பார்க்கிறோம். அரசர் நகருக்கு வரும்போது வண்ண நாடாக்களை விற்றுப் பிழைக்க முயல்கிறான். மாதாகோவிலில் கொதிகலனுக்குக் கரி தள்ளும் வேலை கிடைக்கிறது, அதுவும் பறிபோகிறது. பசி அவனை ஒவ்வொரு படியாகக் கீழே தள்ளுகிறது. ஆனாலும் அவன் நாவின் கூர்மை மழுங்குவதில்லை. தன்னை இரங்கத்தக்கவனாகப் பார்ப்போரிடம் அவன் தலை குனிவதில்லை. இறுதியில் அந்த நிலவறையிலேயே கேட்பாரற்றுத் தனியே மாள்கிறான். எதைக் கண்டு உலகம் சிரித்ததோ, அந்தக் கோலத்தின் உள்ளே இருந்த மனிதனைக் கெல்லி வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். அயர்லாந்து மக்கள் அவரைத் தம் நெஞ்சில் வைத்துக்கொண்டது இந்த வேடத்தால்தான்.

சிரிப்பை நன்கு அறிந்த நடிகனுக்கே இது கைகூடும் என்று நான் கருதுகிறேன். தொடக்கத்திலேயே அழுகைக் குரலோடு வரும் ஏழையிடம் காண்போர் இரக்கம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவர். சிரிக்கவைத்த ஏழையோ அவர்களுக்கு நண்பனாகிவிடுகிறான். அவன் சாகும்போது நண்பனை இழந்த துயரம் அவர்களைப் பற்றிக்கொள்கிறது.

பெரும்பாலான நடிகர்களுக்கு வயது ஏற ஏற வேடம் குறையும். குணச்சித்திர நடிகருக்கோ வயது ஒரு சொத்து. 1998ஆம் ஆண்டில் வெளிவந்த 'வேக்கிங் நெட்' என்னும் திரைப்படம் கெல்லிக்கு எழுபது வயதை நெருங்கும்போது கிடைத்தது. ஒரு சிற்றூரில் நெட் என்னும் முதியவருக்குப் பெரும் பரிசுச்சீட்டுத் தொகை விழுகிறது. அந்த அதிர்ச்சியிலேயே சீட்டைக் கையில் பிடித்தபடி இறந்துவிடுகிறார். ஊரார் கூடி, அவர் உயிரோடு இருப்பதாகக் காட்டிப் பரிசைப் பெற முயல்கின்றனர். நெட்டாக நடிக்கவேண்டிய பொறுப்பு, பொய் சொல்லத் தெரியாத மைக்கேல் என்னும் கிழவரின் தலையில் விழுகிறது. அவர்தான் கெல்லி. கடற்கரையில் குளித்துக்கொண்டிருந்தவர், அதிகாரி வந்துவிட்டார் என்று அறிந்து, உடையுடுத்த நேரமின்றித் தலைக்கவசம் மட்டும் அணிந்து மோட்டார் சைக்கிளில் பாய்ந்து செல்லும் காட்சி உலகெங்கும் சிரிப்பை மூட்டியது. அப்படத்திற்காக அமெரிக்கத் திரைநடிகர் சங்கத்தின் விருதுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது.

2005ஆம் ஆண்டில் டிம் பர்ட்டன் இயக்கிய 'சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்' என்னும் படத்தில் ஜோ தாத்தாவாக வந்தார். உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். நெடுங்காலம் படுக்கையை விட்டு எழாத கிழவர், பேரனுக்குத் தங்கச் சீட்டுக் கிடைத்த செய்தி கேட்டதும் துள்ளி எழுந்து ஆடுகிறாரே, அவரேதான். நானும் முதன்முதலில் அவரைக் கண்டது என் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து அப்படத்தைப் பார்த்தபோதுதான். அதே ஆண்டில் அயர்லாந்துத் திரைப்பட, தொலைக்காட்சிக் கழகம் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கியது. 2007ஆம் ஆண்டில் வந்த 'ஸ்டார்டஸ்ட்' படத்தில் ஒரு மதிற்சுவரின் முதிய காவலாளியாக நடித்தார். தடியை ஊன்றி நிற்கும் கிழவன் திடீரென்று பாய்ந்து சுழன்று இளைஞனை அடித்து விரட்டுகிறான். அதுவே அவருடைய கடைசித் திரைப்படம். 2012ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள், 82ஆம் வயதில் டப்ளினில் காலமானார்.

எட்டு வயதில் மேடை ஏறியவர், கடைசி வேடமாக ஏற்றது வாயிற்காவலன் வேடம். அந்த வாயிற்காவலன்தான் என் பிழையை எனக்கு நினைவூட்டினான்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியனாக இருந்த ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு வரலாற்று நாடகம் ஒன்றைப் பயிற்றுவித்தேன். உரத்த குரலுடையவனை அரசனாக்கினேன். அழகிய தோற்றமுடையவனை இளவரசனாக்கினேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குத் தூதுவன் வேடம் கொடுத்தேன். போர்க்களத்திலிருந்து வந்து, படை தோற்றது என்று ஒரே ஒரு வரி சொல்லவேண்டும். ஒத்திகையின்போது அவன் என்னிடம் வந்து, "ஐயா, தூதுவன் நெடுந்தூரம் ஓடி வந்தவன்தானே? மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லட்டுமா? அரசரைப் பார்க்கப் பயந்து கொஞ்சம் தயங்கட்டுமா?" என்று கேட்டான். நேரமாகிவிட்ட எரிச்சலில் இருந்த நான், "ஒரு வரிக்கு இவ்வளவு யோசனை எதற்கடா? வந்தோம், சொன்னோம், போனோம் என்று இரு" என்றேன். அவன் தலையசைத்தான். விழா நாளில் வந்தான், சொன்னான், போனான். அதற்குப் பின் நாடகம் என்று அவன் என்னிடம் வரவே இல்லை.

அந்தப் படை தோற்றதனால்தான் அந்த நாடகத்தில் அரசன் அழவேண்டும். தூதுவன் வந்த விதத்தைக் கண்டே அவையோர் தோல்வியை நம்பவேண்டும். என் அரசன் அன்று உரக்க அழுதான். அவையில் ஒருவர் கண்ணும் நனையவில்லை. குறை அரசனிடம் உள்ளது என்று அன்று எண்ணினேன். குறை என்னிடம் இருந்தது என்பதை, ஒன்பது நிமிடம் நடித்த ஓரைலியைப் பார்த்தபின் அறிந்தேன். நடிப்புக் கலையின் சரியான கேள்வியை அந்தச் சிறுவன் கேட்டான். ஆசிரியப் பயிற்சி பெற்ற நான் தவறான விடை சொன்னேன்.

மாணவர்களே, உங்களுள் எல்லாரும் அரசனாக நடிக்கப் போவதில்லை. உங்களுக்கு ஒரு வரிதான் கிடைத்தது என்றால், அந்த வரியைச் சொல்பவன் எங்கிருந்து வருகிறான், எதைக் கண்டு வருகிறான், யாரைக் கண்டு அஞ்சுகிறான் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் ஆசிரியர் பொறுமையிழந்தால், இன்னொரு முறை கேளுங்கள். இப்பேச்சைக் கேட்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அப்படி ஒரு பிள்ளை வந்து கேட்டால், ஒத்திகையை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அன்றைய தூதுவனுக்கு இன்று நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். எங்கேனும் ஒரு வானொலிப் பெட்டியின் அருகில் அவன் இருப்பானாகில், முப்பது ஆண்டு தாமதமாக என் விடையைச் சொல்கிறேன்: ஆம், தம்பி, மூச்சு வாங்கிக்கொண்டே சொல். சற்றுத் தயங்கிச் சொல். நீ நினைத்ததுதான் சரி.